திஷ்ரி என்றொரு மாதம்

குலசேகரன்பட்டினம் தசராவில் பத்தாம் நாள் சூரசம்ஹாரம் பார்க்க நம்மில் பலர் கடற்கரைக்குப் போவோம். சில ஆண்டுகளில் அதே நாளில் யூத மக்கள் சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருப்பது உங்களுக்குத் தெரியுமா? 2024-ல் அக்டோபர் 12, 2025-ல் அக்டோபர் 2. இரண்டு ஆண்டும் விஜயதசமியும் யூதர்களின் 'யோம் கிப்பூர்' நோன்பும் ஒரே நாளில் வந்தன.

காரணம் நிலா! நவராத்திரியைப் போலவே யூதர்களின் மாதமும் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. நிலாக் கணக்கில் 12 மாதம் என்றால் சுமார் 354 நாள். சூரியக் கணக்குக்கு 11 நாள் குறைவு. காயல்பட்டினத்து நண்பர்களின் ரம்ஜான் வருஷா வருஷம் முன்னே வருவது இதனால்தான். யூதர்கள் 19 ஆண்டுக்குள் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். நம் பஞ்சாங்கத்திலும் 'அதிக மாதம்' உண்டு. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ப்பதில்லை. அதனால் 2023-ல் இரண்டுக்கும் ஒரு மாத வித்தியாசம் வந்துவிட்டது.

அந்த நோன்பு வரும் மாதத்தின் பெயர் திஷ்ரி. முதல் தேதி புத்தாண்டு. ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள், ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். 10-ம் தேதி யோம் கிப்பூர். 15-ம் தேதி முதல் ஒரு வாரம் கூடாரப் பண்டிகை. இலை தழை வேய்ந்த குடிலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடைசியில் வேதச் சுருளைச் சுமந்து ஆடிப் பாடும் நாள்.

போன வருஷம் வகுப்போடு கொச்சித் துறைமுகம் பார்க்கப் போனபோது மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கும் போனோம். 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அங்கே இருக்கிறது. கொச்சி யூதர்கள் குடிலுக்குத் தென்னங்கீற்று வேய்ந்தவர்கள். வேதச் சுருளை ஆலயத்துக்கு வெளியிலும் சுற்றிக் கொண்டுவந்தவர்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் மரபு. அங்கே உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இப்போது இல்லை. திஷ்ரி வருகிறது, கொண்டாடத்தான் ஆள் இல்லை!

யோம் கிப்பூரில் ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கடவுளுக்குச் செய்த தப்புக்கு நோன்பு போதும். மனுஷனுக்குச் செய்த தப்புக்கு அது போதாது. முதலில் அந்த ஆளிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. எங்க அப்பா சங்குகுளிக்கிறவர். நிலாவைப் பார்த்தே கடலின் நீரோட்டத்தைச் சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் பார்க்காதவர். முதலாமாண்டில் ஒருநாள் ஃபீஸ் கட்டப் பணத்தோடு, உப்பேறிய சாரத்தோடு, கல்லூரி வாசலில் வந்து நின்றார். "யார்டா அது?" என்று கூட இருந்தவன் கேட்டான். "தெரிஞ்சவர்" என்றேன்.

அதை ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தேன். கொச்சியிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி, "அப்பா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புப்பா" என்றேன். அவர் வலையைப் பின்னிக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுலே. கஞ்சி ஆறுது, போய்க் குடி" என்றார்.

நண்பர்களே! மன்னிப்புக் கேட்க யூதர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய ஆள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.