திட்டம் தயார்; செய்வது யார்?

நிதி ஆலோசகரை நாடும் குடும்பத்துக்குப் பல பக்கங்களில் ஓர் அறிக்கை கிடைக்கிறது. வரவு, செலவு, கடன், குழந்தைகளின் கல்வி, ஓய்வுக்காலம் என அனைத்தும் அதில் அலசப்பட்டிருக்கும். இறுதியில், செய்ய வேண்டியவை எனப் பத்துப் பன்னிரண்டு பரிந்துரைகள் இருக்கும். ஆறு மாதங்கள் கழித்து அந்த அறிக்கையைப் புரட்டினால் அவற்றில் பாதி அப்படியே கிடப்பதைக் காணலாம். நிதித் திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் தோற்பதில்லை, செயலில்தான் தோற்கின்றன.

நிதித் திட்டமிடலைப் பன்னாட்டுத் தர நிர்ணய வாரியம் ஆறு படிகளாக வகுத்துள்ளது. அதில் ஐந்தாவது செயல்படுத்தல், ஆறாவது மறுஆய்வு. இந்தியாவில் செபி அமைப்பின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகள், வழங்கப்பட்ட ஆலோசனைகளின் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கின்றன. ஆனால், அந்த ஆலோசனையை அவர் மூலமாகவே நிறைவேற்ற வேண்டிய கட்டாயம் வாடிக்கையாளருக்கு இல்லை. இது முதலீட்டாளருக்குப் பாதுகாப்பான ஏற்பாடுதான். எனினும், 'அவர் செய்வார்' என்று இவரும், 'இவர் செய்வார்' என்று அவரும் காத்திருக்கும் நிலைக்கு இதுவே வழிவகுக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே நிதித் திட்டமிடல் மென்பொருள்களில் செயல்பட்டியல் என்னும் வசதி இடம்பெறுகிறது. ஒவ்வொரு பணிக்கும் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்த நாளுக்குள், இப்போது எந்த நிலையில் உள்ளது, முடிந்ததற்குச் சான்று என்ன ஆகிய ஐந்து விவரங்கள் அதில் பதிவாக வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பட்டியல் வெறும் விருப்பப் பட்டியலாகிவிடும்.

'ஆயுள் காப்பீட்டை உயர்த்த வேண்டும்' என்பது பணியன்று, நோக்கம். விண்ணப்பத்தை நிரப்புதல், மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லுதல், பிரீமியம் செலுத்துதல், பாலிசி ஆவணத்தைப் பெற்றுச் சரிபார்த்தல் எனப் பிரித்தால்தான் எங்கே தடைப்பட்டது என்பது தெரியும். உயில் எழுதுவதும் அவ்வாறே. இரண்டு சாட்சிகள் கையொப்பமிடும் வரை அது வெறும் தாள்தான்.

'அனுப்பியாயிற்று' என்பதை 'முடிந்தது' என்று குறித்துவிடுவது அனைவரும் செய்யும் பிழை. நியமனதாரர் படிவத்தை வங்கியில் கொடுத்தது ஒரு நிலை. பெயர் பதிவானதற்கான ஒப்புகை கைக்கு வந்தது வேறு நிலை. சான்று பதிவேறாமல் எந்தப் பணியையும் முடிக்க மென்பொருள் அனுமதிக்கக் கூடாது.

முடிந்த பணியும் மீண்டும் உயிர்பெறக்கூடும். தாயையோ தந்தையையோ நியமித்து, திருமணத்துக்கு முன் வருங்கால வைப்பு நிதியில் அளித்த நியமனம் திருமணத்துக்குப் பின் செல்லாததாகிவிடும். புதிதாக அளிக்க வேண்டும். ஆகவே, திருமணம், குழந்தைப் பேறு, வேலை மாற்றம் போன்ற நிகழ்வுகள் நேரும்போது பழைய பணிகளை மறுபடியும் திறக்கும் ஏற்பாடு தேவை.

இது வெறும் நிர்வாக ஒழுங்கு பற்றிய பேச்சு அல்ல. பத்தாண்டுகள் கோரப்படாத வங்கி வைப்புத் தொகைகள், ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய நிதிக்குச் சென்றுவிடுகின்றன. உரியவர்கள் பின்னரும் கோரலாம்; ஆனால், அப்படியொரு கணக்கு இருப்பதே குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! அவற்றைத் தேடவே 2023-இல் 'உத்கம்' இணையதளம் தொடங்கப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. நியமனதாரர் ஆவதாலேயே ஒருவர் பங்குகளுக்கு முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என உச்சநீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. எனவே நியமனமும் உயிலும் தனித்தனிப் பணிகள். ஒன்றை முடித்து மற்றொன்றை மறந்தால் வழக்குக்கு வாசல் திறக்கும்.

மென்பொருள் அனைத்தையும் தீர்த்துவிடாது. நாள்தோறும் வரும் நினைவூட்டல்களை எவரும் படிப்பதில்லை. ஒரு சந்திப்புக்கு மூன்று பணிகள் போதும். அவற்றில் குடும்பத் தலைவரின் மறைவால் மனைவி, மக்கள் நிராதரவாவதைத் தடுப்பதே முதலிடம் பெற வேண்டும். பரிந்துரையை வாடிக்கையாளர் ஏற்கவில்லையெனில் அதையும் காரணத்துடன் பதிவு செய்வது இருவருக்கும் நல்லது. கடவுச்சொற்களை அந்தப் பட்டியலில் ஒருபோதும் எழுதி வைக்கக் கூடாது.

ஆலோசகரோ மென்பொருளோ இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பேடு போதும். ஆலோசகர் உள்ளவர்கள், அடுத்த சந்திப்பில் 'எவ்வளவு லாபம்?' என்று கேட்பதற்கு முன், 'சென்ற முறை சொன்னவற்றில் எது நிலுவையில் இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது?' என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும் குடும்பத்தில்தான் திட்டம் உயிரோடு இருக்கிறது.