வலிக்கு வீடு தேடி வரும் வைத்தியம்

முப்பது வருஷத்துக்கு முன்னால் கடலூர் முதுநகரிலோ பரங்கிப்பேட்டையிலோ வலை இழுத்து இடுப்பு விட்டுப்போனவருக்கு நொச்சி இலை ஒத்தடம்தான் முதல் வைத்தியம். அப்புறம் சுளுக்கு வழிக்கத் தெரிந்த பெரியவர். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு ஊசி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தவர்களுக்கும், சிதம்பரத்தைச் சுற்றி நாளெல்லாம் குனிந்து நாற்று நட்ட பெண்களுக்கும் அந்த ஊசிகூட வேலை ஓய்ந்த பிறகுதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி, அதுவே தனி நோய் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. “வயசானா அப்படித்தான்” என்று சொன்னார்கள்.

அதற்கு முன்பே, 1985-ல் அண்ணாமலைநகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்திருந்தது. இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வந்துவிட்டாலும் நாள்பட்ட வலிக்குத் தொடர் சிகிச்சை வேண்டும். பிசியோதெரபியில் ‘கரண்ட் வைக்க’ காட்டுமன்னார்கோவிலிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருகிறவருக்கு, வந்து போவதிலேயே இடுப்பு இன்னும் வலிக்கும். கூலியும் போகும். பாதியில் நின்றுவிட்டால் அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்?

2021-ஐ நான் முக்கியமான வருஷமாக நினைக்கிறேன். அந்த ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பிசியோதெரபிஸ்ட் நோயாளியின் வீட்டுக்கே போக ஆரம்பித்தார். அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள பெரியவர்களுக்காக ‘ஈஸ்விஆர்எக்ஸ்’ என்ற, தலையில் மாட்டிக் காட்சி பார்க்கும் மெய்நிகர் கருவியை அனுமதித்தது. அதையும் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். எட்டு வாரம், 56 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். மூச்சுவிடும் பயிற்சிக்கென்றே அதில் ஒரு சிறு இணைப்பு உண்டு. 179 பேரிடம் செய்த ஆய்வில், கருவியைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சாதாரணத் தட்டைக் காட்சிகளைப் பார்த்தவர்களில் அப்படிக் குறைந்தது 41 சதவீதம் பேருக்கு. சிலருக்குக் குமட்டல் வந்தது; கருவி சிலர் தலைக்கு உறுத்தியது.

கண்ணில் காட்சி காட்டினால் இடுப்பு ஏன் கேட்கிறது? இதற்கு முன்னோடியான ஒரு பதிலைத் தந்தவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை இழந்த பலருக்கு இல்லாத கை வலிக்கும். 1990-களில் அவர் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு வலி தணிந்தது. வலி மூளையில் உருவாகிறது. அதனால் அது பொய் ஆகாது. அதேபோல சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மன் குழுவினர், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளியைப் பனி உலகக் காட்சிக்குள் இறக்கி வேதனையைக் குறைத்தார்கள். அது அந்த நேரத்து வலியை மறக்கச் செய்தது. நாள்பட்ட வலிக்கு மறதி மட்டும் போதாது. மூச்சை நிதானப்படுத்தவும், பயமில்லாமல் குனிந்து நிமிரவும் மூளையைத் தினமும் பழக்க வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு உதவும் ஈஸ்விஆர்எக்ஸ் போன்ற கருவி ஒத்தடத்துக்கும் பிசியோதெரபிக்கும் மாற்று இல்லை, கூடுதல் துணை. நம் கடலூர் மாவட்டத்துக்கு வருவதானால் அது தமிழில் பேச வேண்டும், நெட் இல்லாமலும் ஓட வேண்டும். வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் மாட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்து, எட்டு வாரம் அங்கேயே வைத்துவிட்டு, முடிந்ததும் சுத்தமாகத் துடைத்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.