செம்மண் பாதைக்கு ஒரு பெட்டி டிரெய்லர்

ஜொகூரின் காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயில் வரை 50 கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்களை ஊடுருவும் மண்பாதை. நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களே மழைக்குப் பிறகு யோசிப்பார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, சாமான்களோடு ஒரு மூடிய டிரெய்லரையும் இழுக்க நினைப்பவர், ஆஸ்திரேலிய வரைபடத்தை அப்படியே பட்டறையில் கொடுத்துவிடக் கூடாது. அந்த நாட்டு உள்பகுதியில் புழுதிதான் பெரிய தொல்லை. இங்கே தண்ணீர்.

அடிச்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பக்கமும் மூடிய சதுரக் குழாய் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு சிறு துளை வழியே சேற்று நீர் புகுந்தாலும் உள்ளுக்குள்ளேயே துரு தின்னும், வெளியே தெரியாது. திறந்த ‘சி’ வடிவ இரும்பு அவ்வளவு விறைப்பில்லை. ஆனால் பீச்சிக் கழுவலாம், துரு கண்ணில் படும். என் ஓட்டு இதற்குத்தான், துத்தநாகக் குளியலோடு.

சக்கரமும் டயரும் இழுக்கும் வண்டியுடையதாகவே இருக்கட்டும்: ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் உதவும். சக்கர இடைவெளியும் ஒன்றாக இருந்தால், முன்வண்டி அழுத்திய தடத்திலேயே டிரெய்லரும் வரும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு மேலே, தாழ்வாக வைப்பது அதனால்தான். தொட்டி காலியானாலும் கொக்கியின் கனம் அதிகம் மாறாது.

பலர் தவறவிடுவது மிதப்பை. 2.4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் உள்ள பெட்டியை நீர் புகாமல் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓடையைக் கடக்கும்போது அதன் தளத்துக்கு மேல் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் நீர் ஏறும்போதும் சுமார் 360 கிலோ விசை அதை மேலே தூக்கும். 800 கிலோ டிரெய்லருக்கு 20 சென்டிமீட்டரே போதும், சக்கரத்தின் பிடி கிட்டத்தட்டப் போய்விடும். பிறகு நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் தள்ளும், முன்வண்டியையும் சேர்த்து இழுக்கும். தளத்தை உயர்த்தினால் சரியாகாதா? ஓரளவுதான். உயர உயர, சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

ஆகவே அடைப்பதற்குப் பதில் உள்ளே விட்டுவிடுவதே மேல். தளத்தில் அடைப்பானோடு சில துளைகள். ஆழமான நீரில் இறங்கும் முன் திறந்துவிட வேண்டும். அப்படியானால் கீழிருந்து ஒரு முழம் உயரத்துக்கு ஒட்டுப்பலகை கூடாது, அலுமினியத் தகடுதான். அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையே ரப்பர் பட்டை வேண்டும். பேட்டரி, மின்கம்பிகள் எல்லாம் அந்த முழத்துக்கு மேலே.