ரெக்கார்டிங் போட்டதும் கம்ப்யூட்டர் ஏன் படுத்துவிடுகிறது?

கேம் மட்டும் ஆடினால் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் முணுமுணுக்காமல் ஓடுகிறது. ரெக்கார்டிங் போட்ட பத்தாவது நிமிடம் திரை உறைகிறது, அல்லது நீலமாகிறது, அல்லது மொத்தமாக இருண்டுவிடுகிறது. யூடியூபில் கேம் வீடியோ போட ஆசைப்படும் ராணிப்பேட்டை மாவட்டம் கலவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. தீர்ப்பும் உடனே வந்துவிடும்: “அந்த ரெக்கார்டிங் மென்பொருள் ஓபிஎஸ்ஸால்தான், அதை எடுத்துவிடு.” அதற்கும் அடங்காவிட்டால், “ஃபார்மட் போடு.” டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ரெக்கார்டிங் என்ன வேலை செய்கிறது? ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிப் புள்ளிகளைத் தாண்டுகிறது. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க மூன்று பைட் என்று வைத்தால், நொடிக்கு 373 எம்பி. அப்படியே எழுதிக்கொண்டே போனால் 500 ஜிபி டிஸ்க் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே ஒரு படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் குறித்துவைத்து, நொடிக்கு இரண்டு மூன்று எம்பியாகச் சுருக்க வேண்டும். இந்தச் சுருக்கும் வேலைக்கு என்கோடிங் என்று பெயர். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நொடியும் பிந்தாமல் இது நடந்தாக வேண்டும்.

எல்லோரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. ரெக்கார்டிங் போட்டபோது நின்றதால், ரெக்கார்டிங்தான் நிறுத்தியது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு மங்கினால் மோட்டாரையா திட்டுகிறோம்? லைனில் வோல்டேஜ் போதவில்லை என்கிறோம். குறை முன்பே இருந்தது. மோட்டார் ஓடும்வரை வெளியே தெரியவில்லை. ரெக்கார்டிங்கும் அந்த மோட்டாரைப் போலத்தான்.

“அப்படியானால் மூன்று மணி நேரம் ஆடியபோது ஏன் தெரியவில்லை?” என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆட்டத்தின்போது பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். கார்டு படத்தை வரைந்து முடிக்கும்வரை பிராசசருக்குச் சற்றே மூச்சுவிட நேரம் கிடைக்கும். ரெக்கார்டிங் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பிராசசர் சுருக்குகிறது, ரேம் படங்களை வரிசையில் வைத்திருக்கிறது, டிஸ்க் எழுதுகிறது, எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிறது. பெட்டியை வாங்கியதிலிருந்து அத்தனை பாகமும் சேர்ந்து முழு வேகத்தில் உழைப்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். அதில் எது பலவீனமோ அது விழுகிறது. ஓபிஎஸ்ஸை எடுத்துவிட்டால் பலவீனம் போய்விடாது, அடுத்த பெரிய கேம் வரும்வரை பதுங்கியிருக்கும்.

ஆகவே “எது நிறுத்தியது” என்பதற்கு முன்னால் “எப்படி நின்றது” என்று பார்ப்போம். நீலத் திரை வந்த வேகத்திலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் அதில் இருக்கும் செய்தியைப் படிக்க முடியாது. விண்டோஸின் அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். ஈவென்ட் வியூயரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியைப் பார்த்துவிட்டுக் காரணம் கிடைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதைத் தவிர அந்த வரி தானாக எதையும் சொல்வதில்லை.

நீலத் திரையே இல்லாமல், சுவிட்சைத் தட்டியது போல் அணைந்தால் முதல் சந்தேகம் கரண்டின் மேல். கேபினெட்டோடு சேர்ந்து மலிவாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும் அது அவ்வளவைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அடுத்து யூபிஎஸ். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட் அளவுதான். மின்சாரம் ஒரு நொடி தடுமாறி பாரம் பேட்டரிக்கு மாறும் கணத்தில் பிராசசர், கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டால் யூபிஎஸ் கைவிட்டுவிடும். குற்றம் அங்கே, பழி ஓபிஎஸ்ஸுக்கு.

சூடு வேறு விதமாக வேலை செய்யும். பிராசசர் 95, 100 டிகிரியை நெருங்கியதும் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். எனவே நிற்பதற்கு முன் ஆட்டம் திக்கித் திணறியிருந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பரீட்சை முடிந்து பிள்ளைகள் ரெக்கார்டிங்கில் உட்காருவதும் அப்போதுதான். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பும் ஏறும். தை மாதம் 25 டிகிரி அறையில் 80இல் நின்ற பிராசசர், ஷீட் போட்ட அறையில் 40 டிகிரியில் 95ஐத் தொடும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே ஆடலாம். கேபினெட்டின் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

நம் தோல் மண்டலத்துக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்க்கிறார்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழலாம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வாயு, சர்க்யூட் போர்டிலுள்ள வெள்ளியையும் செம்பையும் அரிக்கும். கலவையில் இது பெரிய கவலை இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் ஷெட்டுக்குப் பக்கத்து வீடு என்றால், பழைய போர்டு காரணமில்லாமல் தகராறு செய்யும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

நீலத் திரை வந்தாலோ, கேம் மட்டும் மூடிக்கொண்டாலோ டிரைவர், ரேம் பக்கம் திரும்புவோம். அங்கும் திரையில் வரும் செய்தியை அப்படியே நம்பிவிட முடியாது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் கேம்கள் “வீடியோ மெமரி போதவில்லை” என்று சொல்லி மூடிக்கொண்டன. பலரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். பழுது பிராசசரில் என்பதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் அதைச் சிதைத்திருந்தது. பயாஸ் வழியாகத் திருத்தம் தந்து, வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டினார்கள். உங்கள் பெட்டியில் அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸ் அப்டேட்டை முதலில் பாருங்கள்.

இனி சோதனை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். முதலில் கேமின் ஃபிரேம் ரேட்டை 60இல் பூட்டுங்கள். கார்டு தேவையில்லாமல் 140, 150 என்று ஓடிச் சூடாவது நிற்கும். அடுத்து ஓபிஎஸ்ஸில் என்கோடரை, பிராசசரே சுருக்கும் எக்ஸ்264இலிருந்து என்விடியா கார்டின் என்வென்க்குக்கு மாற்றுங்கள், இன்டெல் என்றால் குவிக் சிங்க். இவை சுருக்கும் வேலைக்கென்றே சிப்புக்குள் ஒதுக்கிய தனிப் பகுதிகள். எக்ஸ்264இல் விழுந்து என்வென்க்கில் தாங்கினால் பிராசசர் பக்கத்தில் சூடோ கரண்டோ குறை. இரண்டிலும் விழுந்தால் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை நண்பரிடம் ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது, ஃபார்மட் போடுவதைவிட அதிகம் சொல்லும். விண்டோஸின் கேம் பாரும் பின்னணியில் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

காரணம் கிடைக்கும்வரை ஒரு பாதுகாப்பு செய்துகொள்வோம். சாதாரண எம்பி4 ஃபைல் தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் கம்ப்யூட்டர் நின்றால் இரண்டு மணி நேர வீடியோவும் திறக்காது. எம்கேவி அப்படி இல்லை, நின்ற நொடிக்குச் சற்று முன்புவரை எழுதியது பிழைத்திருக்கும். ஓபிஎஸ்ஸின் அவுட்புட் செட்டிங்ஸில் எம்கேவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் அது எம்பி4 ஆகிவிடும். மறுபடி சுருக்குவதில்லை என்பதால் படத்தின் தரமும் குறையாது.