வண்டியையும் வாசிக்கலாம்

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி லேக் மார்க்கெட் இருக்கிறது. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி அது. வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைப் பூ, காபித்தூள் எல்லாம் அங்கே வாங்கலாம். நடந்து போனால் காதில் தமிழ் விழும்.

இந்தத் தெருக்களில் கார்களும் ஏராளம். சிலர் சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். சிலர் சம்பளத்துக்குக் கார் ஓட்டுகிறார்கள். சிலருக்கு டாக்ஸிதான் சோறு போடுகிறது.

கொல்கத்தா டாக்ஸி என்றதும் மஞ்சள் நிற அம்பாசிடர் நினைவுக்கு வரும். அந்தக் கார் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. 15 ஆண்டு தாண்டிய வாடகை வண்டிகள் நகரில் ஓடக் கூடாது என்று 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் மஞ்சள் அம்பாசிடர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நெரிசல், வெயில், மழை எல்லாவற்றையும் தாங்கி அந்த வண்டிகள் 15 ஆண்டு ஓடின. எப்படி ஓடின? நல்ல ஓட்டுநர்கள் காலையில் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும் இந்தப் பழக்கம் தேவை.

வண்டிக்கு வாய் இல்லை. ஆனால் அது அடையாளம் காட்டும். சொட்டு, நிறம், கோடு, முள், விளக்கு, எண் என்று பல அடையாளங்கள் உண்டு. எழுத்தைப் படிக்கக் கற்றவர்கள் இவற்றையும் படிக்கலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் தரையைப் பாருங்கள்

வண்டியை எடுக்கும் முன் அது நின்ற இடத்தைப் பாருங்கள். தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா?

நிறமும் மணமும் இல்லாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர்தான். பயம் இல்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை அல்லது வேறு நிறத்தில் வழுவழுப்பான தண்ணீர் என்றால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் போலக் கசிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

ஆயில்

என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசுகிறது. ஆயில் அந்த உரசலைக் குறைக்கிறது. சூட்டையும் தணிக்கிறது. ஆயில் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் என்ஜின் இறுகிப் போகும். அதைச் சரி செய்யும் செலவில் ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் திறந்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவுங்கள். துணியால் துடைத்து முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். கம்பியின் நுனியில் இரண்டு அடையாளங்கள் இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ் அடையாளத்துக்கும் கீழே போனால் ஆயில் ஊற்ற வேண்டும். மேல் அடையாளத்தைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

ஓட்டும்போது ஆயில் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று நினைக்கக் கூடாது.

ரேடியேட்டர்

கோடையில் நண்பகல் நேரம். ராஷ்பிஹாரி முனை சிக்னலில் வண்டி நிற்கிறது. ஓடும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று வரும். நிற்கும் வண்டிக்கு அது இல்லை. விசிறி மட்டுமே சூட்டைத் தணிக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில்தான் என்ஜின் கொதிக்கும்.

ஆகவே காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். புதிய வண்டிகளில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் ‘மின்’, ‘மேக்ஸ்’ என்று இரண்டு கோடுகள் உண்டு. ‘மின்’ என்றால் இதற்குக் கீழே குறையக் கூடாது. ‘மேக்ஸ்’ என்றால் இதற்கு மேலே கூடாது. கூலண்ட் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். எப்போதும் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்தால் உள்ளே துருப் பிடிக்கும். உப்புப் படியும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஏன் தெரியுமா? பிரஷர் குக்கரில் ஆவி அடங்கும் முன் மூடியைத் திறப்போமா? ரேடியேட்டரும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் ஒரே நொடியில் ஆவியாகிச் சீறும். முகமும் கையும் வெந்துவிடும்.

வண்டி கொதித்தால் ஓரம் கட்டுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சவாரி போனால் போகட்டும். கண் போனால் வராது.

பேட்டரி

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மின்சாரம் சரியாக ஓடாது. மெக்கானிக்கிடம் சொல்லிச் சுத்தம் செய்யுங்கள். மூடி உள்ள பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு பேட்டரியைக் கெடுக்கும். முழுவதும் மூடிய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

பேட்டரியில் எரியக்கூடிய வாயு உண்டாகும். ஆகவே அதன் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. உள்ளே இருப்பது அமிலம். கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டயர்

கார் முழுவதும் நான்கு டயர்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். அந்தச் சிறிய இடம்தான் வண்டியை நிறுத்துகிறது. திருப்புகிறது.

காற்று எவ்வளவு இருக்க வேண்டும்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் இருக்கும். அந்த எண்ணைப் படித்து எழுதிக் கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் காற்றுக்குக் காசு இல்லை. அடிப்பவர் சொல்வதை மட்டும் கேட்காமல் மீட்டரில் எண்ணை நீங்களே பாருங்கள். டயர் சூடேறும் முன் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

டயரின் தேய்மானமும் ஒரு பாடம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

காருக்கு டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையோ ஒரு சிறு முக்கோணத்தையோ தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்தின் உள்ளே ஒரு மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டதா? டயரை மாற்ற வேண்டும். மொட்டை டயர் மழையில் வழுக்கும். ட்ராம் தண்டவாளம் உள்ள சாலையில் இன்னும் அதிகமாக வழுக்கும்.

டிக்கியில் உள்ள ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். அதிலும் காற்று இருக்க வேண்டும். ஜாக்கியும் ஸ்பானரும் உடன் இருக்க வேண்டும். ஸ்டெப்னி என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்ற ஊர் உண்டு. அங்கே ஸ்டெப்னி தெரு என்ற தெருவில் 1904இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் இன்று நம் ஊர்ப் பஞ்சர் கடை வரை வந்திருக்கிறது.

பிரேக்

மற்றவை கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. சாலையைக் கடக்கும் குழந்தைக்கும் நமக்கும் நடுவில் இருப்பது பிரேக் ஒன்றுதான்.

நாம் மிதியை அழுத்தினால் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு போகிறது. மருந்து ஏற்றும் ஊசிக் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் தண்ணீரை நிரப்பி முனையை அடைத்தால் அழுத்த முடியாது. காற்று இருந்தால் அழுத்தலாம், மெத்தென்று உள்ளே போகும். பிரேக் குழாயில் காற்றுப் புகுந்தாலும் மிதி இப்படித்தான் மெத்தென்று போகும். அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

ஆகவே கிளம்பும் முன் என்ஜினை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். மெதுவாகத் தரை வரை இறங்கினால் வண்டியை எடுக்கக் கூடாது. பிரேக் ஆயில் டப்பாவில் உள்ள இரண்டு கோடுகளையும் பாருங்கள். அளவு குறைந்துகொண்டே வந்தால் கசிவு இருக்கலாம். அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம். ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரும்பு தேய்வது போல ‘கிரீச்’ என்று கேட்டாலும் பட்டறைக்குப் போக வேண்டும்.

பிறகு ஹேண்ட் பிரேக், ஹாரன், வைப்பர், முன் விளக்கு, திரும்பும் விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை நாளில்

கொல்கத்தாவுக்கு வெள்ளம் புதிதல்ல. 1978 செப்டம்பரில் நகரம் நீரில் மூழ்கியது. 2025 செப்டம்பர் 23 அன்று துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பும் ஒரே இரவு மழையில் சாலைகள் ஆறாயின.

தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் உள்ளே போகாதீர்கள். நீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று மட்டும் புக வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கும். ஊசிக் குழாயில் பார்த்தோமே, தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் இருக்கும் கம்பிகள் வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டு வந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நீரைத் தாண்டி வந்தால் பிரேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டியபடி மிதியை லேசாகச் சில முறை அழுத்துங்கள். அந்தச் சூட்டில் பிரேக் காயும்.

தாள்களையும் பாருங்கள்

பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை எல்லா வண்டிக்கும் வேண்டும். டாக்ஸிக்குத் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் வேண்டும். தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுதோறும்.

ஒவ்வொரு தாளிலும் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். அதைப் படியுங்கள். இன்சூரன்ஸ் ஒரு நாள் முன் முடிந்திருந்தாலும் விபத்து நடந்தால் இழப்பு உங்கள் தலையில் விழும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மீட்டரில் உள்ள கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பட்டறை ரசீதையும் அதிலேயே வையுங்கள்.

ஒரு வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 61,200இல் மாற்றினால் அடுத்து எப்போது? 66,200இல். வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் பாருங்கள்.

நோட்டு இருந்தால், போன மாதம் மாற்றிய பொருளை இந்த மாதமும் மாற்றச் சொன்னால் ‘ஏன்?’ என்று கேட்கலாம். முதலாளி கேட்டாலும் கணக்குக் காட்டலாம். நாமே எழுதிய கணக்கு நமக்குத் துணை.

நினைவில் வையுங்கள்

• தினமும்: தரையில் கசிவு, டயர், பிரேக் மிதி, விளக்குகள்.
• வாரம் ஒரு முறை: ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், டயர் காற்று, ஸ்டெப்னி.
• மாதம் ஒரு முறை: பேட்டரி, வைப்பர், தாள்களில் உள்ள தேதி.
• சூடான ரேடியேட்டரைத் திறக்காதீர்கள்.
• பிரேக்கில் சந்தேகம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்தால் என்ன பொருள்?
2. நீரில் நின்ற வண்டியை ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது?
3. 48,500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றிய வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் கழித்து மீட்டர் எவ்வளவு காட்டும்?
4. உங்கள் வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது? பார்த்து எழுதுங்கள்.