எட்டாத அலைவெண்

பிரிக்பீல்ட்ஸில் பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் குமிழைத் திருகினால், 92.3 மெகாஹெர்ட்ஸில் மின்னல் பண்பலை ஒலிக்கும்; 99.3இல் ராகா கேட்கும். 108இல் முள் நின்றுவிடும். 118க்கு மேல் விமானிகள் பேசிக்கொள்ளும் அலைகள் வானில் இருந்தாலும், அவை அப்பெட்டிக்கு எட்டுவதில்லை. உள்ளேயுள்ள கம்பிச்சுருளும் மின்தேக்கியும்தான் எந்த அலையைப் பிடிப்பது என்று தீர்மானிக்கின்றன. குமிழைத் திருகும்போது மின்தேக்கியின் கொள்ளளவு மாறுகிறது.

இதே சிக்கல் அறிவியல் ஆய்வகத்திலும் உண்டு. இரப்பரைக் கந்தகத்துடன் சூடேற்றினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. டயராகிவிட்ட இரப்பரைக் கரைத்துப் பார்க்க முடியாது. அதன் உள்ளமைப்பை அறிய உதவும் முறைகளுள் ஒன்று, திடநிலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு.

வலிமைமிக்க காந்தப்புலத்தில், ஒவ்வொரு வகை அணுக்கருவும் தனக்குரிய அலைவெண்ணில்தான் வானொலி அலைக்கு மறுமொழி தரும். 9.4 டெஸ்லா காந்தத்தில் பாஸ்பரஸ்-31க்கு அது ஏறத்தாழ 162 மெகாஹெர்ட்ஸ்; கார்பன்-13க்கு 100.6, சிலிக்கன்-29க்கு 79.5. கார்பனின் எண் பண்பலை வரிசைக்குள்ளேயே விழுவதால், நகரத்து ஆய்வகங்களில் வானொலி நிலையமே சில வேளைகளில் இடையூறாகிவிடும்!

மாதிரியைத் தாங்கும் கருவிக்குப் 'புரோப்' என்று பெயர். அதனுள் சிறு குழலில் அடைக்கப்பட்ட இரப்பர், காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்வில், நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழலும். குழலைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும்.

ஒரு புரோப் 90 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே இயங்குகிறது எனக் கொள்க. கார்பன் கிட்டும். டயரை வலுப்படுத்தக் கலக்கப்படும் சிலிக்காவிலுள்ள சிலிக்கன் கிட்டாது. புதிய புரோப்பின் விலை மிக அதிகம். எனவே, சுருளுக்கு இணையாக இன்னொரு மின்தேக்கியைச் சேர்க்கிறார்கள். கொள்ளளவு நான்கு மடங்கானால் அலைவெண் பாதியாகும். இக்கணக்கின்படி 90ஐ 79.5ஆக இறக்க, கொள்ளளவை ஏறத்தாழ 28 விழுக்காடு கூட்டினால் போதும்.

ஆனால், கீழ் எல்லை இறங்கும்போது மேல் எல்லையும் இறங்குகிறது. 165ஆக இருந்தது ஏறக்குறைய 118ஆகக் குறைந்து, பாஸ்பரஸ் கைநழுவிப் போகிறது. மேலும், திடப்பொருள் ஆய்வில் சில நூறு வாட் மின்திறன் துடிப்புத் துடிப்பாகப் பாயும். சுருளின் முனைகளில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் மின்னழுத்தம் ஏறலாம். சேர்க்கும் மின்தேக்கி இதைத் தாங்க வேண்டும். காந்தத்தால் ஈர்க்கப்படாததாகவும், குறுகிய குழாய்க்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். தாங்காவிட்டால் தீப்பொறி பறக்கும், அளவீடு வீணாகும்.

மேல் எல்லையை உயர்த்த, மின்தேக்கிக்குப் பதிலாக இரண்டாவது சுருளை இணைப்பதுண்டு. அப்போது ஆற்றலின் ஒரு பங்கு மாதிரியே இல்லாத அந்தச் சுருளுக்குப் போய்விடும். கிடைக்கும் குறிப்பலை மெலியும்.

ஆகையால், பல புரோப்களில் கூடுதல் மின்தேக்கியை நிலையாகப் பற்றவைப்பதில்லை. செருகிக் கழற்றும்படி அமைக்கிறார்கள். சிலிக்கனை அளந்து முடித்ததும் அதைக் கழற்றிவிட்டால், புரோப் மீண்டும் பாஸ்பரஸைப் பிடிக்கும்.