மக்கிலுக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு?

மொன்றியல் தமிழ் வீடுகளில் பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். ஊரில் ஏ.எல். எழுதியவர்களுக்கு மருத்துவபீடம் என்றால் வெட்டுப்புள்ளிதான். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு எவ்வளவு, கிளிநொச்சிக்கு எவ்வளவு என்று பத்திரிகையில் வரும். அதற்கு மேலே என்றால் டொக்டர், கீழே என்றால் அடுத்த தரம் எழுது. இங்கேயும் அப்படி ஓர் எண் எங்கேயோ இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் பிள்ளையை அதை நோக்கி விரட்டிவிடலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எண் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வாசல் வரைக்கும்தான் கூட்டிப்போகும்.

கியூபெக்கின் ஏற்பாடு கனடாவின் மற்ற மாகாணங்களைப் போன்றதல்ல. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிகிறது. பிறகு செஜெப். 1967இல் தொடங்கிய இந்தக் கல்லூரிகளில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போக வேண்டும். ஆங்கிலத்தில் என்றால் டோசன், வனியே, மரியனோபொலிஸ். பிரெஞ்சில் என்றால் மெசோன்னேவ், பிரெபேஃப், இன்னும் பல. செஜெப் முடிக்கிற கையோடு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். மக்கில் பல்கலைக்கழகமும் மொன்றியல் பல்கலைக்கழகமும் அப்படித் தெரிவாகும் பிள்ளைகளை முதலில் ஓராண்டு ஆயத்த வகுப்பில் வைத்துப் பிறகு மருத்துவத்தில் சேர்த்துக்கொள்கின்றன. ஆக, பத்தொன்பது வயதிலேயே ஒரு பிள்ளையின் மருத்துவ இடம் உறுதியாகிவிடலாம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் பிள்ளைக்கு இந்தக் கொடுப்பினை பெரும்பாலும் கிடையாது. அங்கே முதலில் இளங்கலைப் படிப்பு, பிறகுதான் மற்றதெல்லாம்.

செஜெப் மாணவரின் தலையெழுத்து ஆர் ஸ்கோர். ஏ.எல். பார்த்த குடும்பங்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. இலங்கையில் 2001 தொடக்கம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம். கியூபெக்கிலும் 1995 வரை இசட் புள்ளிதான் இருந்தது. கணக்கு சிக்கலானதல்ல. வகுப்புச் சராசரிக்கு மேலே எத்தனை நியம விலகலில் உங்கள் பிள்ளை நிற்கிறது என்று பார்ப்பார்கள். கூடப் படிப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு ஒரு திருத்தம் சேர்ப்பார்கள். பிறகு 5ஐக் கூட்டி 5ஆல் பெருக்குவார்கள். சாதாரண வகுப்பொன்றில் சராசரிப் புள்ளி எடுத்தால் 25. ஒரு நியம விலகல் மேலே என்றால் 30. இரண்டு என்றால் 35. வகுப்பில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் அங்கே நிற்பார்கள். மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 35ஐச் சுற்றியும் அதற்கு மேலும் இருப்பவர்கள்.

இதனால்தான் 92 எடுத்த பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறது. வகுப்பே 90 எடுத்திருந்தால் 92க்கு ஒரு மதிப்பும் இல்லை. "தொண்ணூற்றிரண்டுக்கு ஆரும் அழுவினமோ?" என்று அம்மாமார் கேட்பது நியாயம்தான். பிள்ளை அழுவதும் நியாயம்தான்.

இதில் தவறியவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஆட்கள் அதிகம் பேசாத பகுதியும் அதுதான். செஜெப்பிலிருந்து கிடைக்கவில்லை என்றால் மருத்துவக் கனவு முடிந்துவிடாது. இளங்கலைப் பட்டம் முடித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம். கனடாவின் மற்ற மாகாணங்களில் மருத்துவபீடத்துக்குள் பெரும்பாலானோர் அப்படித்தான் போகிறார்கள். மொன்றியலில் மட்டும் முதல் வாசல் ஒன்று இருப்பதால் இரண்டாவது வாசலால் போவது தோல்வி மாதிரி ஆகிவிட்டது. மக்கிலில் உடற்றொழிலியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி சொன்னார்: "நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை. பிறகு இல்லையெண்டு ஈமெயில் வந்தது. அம்மா ஒரு மாசம் கோயிலுக்குப் போகேல்ல. ஆரும் கேட்டா என்ன சொல்றதெண்டு. நான் மக்கிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன். வீடு செத்த வீடு மாதிரிக் கிடந்தது."

மக்கிலில் படிக்க இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டில் இழவு. வேறு எந்தச் சமூகம் இதைச் செய்யும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு ஞாபகம் வரத்தான் செய்கின்றன.

கனடாவில் மருத்துவத்துக்கு முன்படிப்பாக 'பிரீ-மெட்' என்று ஒரு பட்டம் கிடையாது. எந்தப் பட்டமும் எடுக்கலாம், கேட்கப்பட்ட அடிப்படை விஞ்ஞானப் பாடங்கள் இருந்தால் போதும். உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம், ஆய்வுகூட வகுப்புகளோடு. செஜெப்பில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இதில் பெரும்பங்கு ஏற்கனவே முடிந்திருக்கும். பட்டத்துக்கும் அவர்களுக்கு 90 கிரெடிட்தான், வெளியே இருந்து வருபவர்களைப் போல 120 அல்ல. ஆனாலும் எல்லோரும் போய் நிற்பது அதே நாலைந்து துறைகளில்: உடற்றொழிலியல், உடற்கூற்றியல், நுண்ணுயிரியல், உயிர் இரசாயனம். முதல் வகுப்புக்கு லீக்கொக் 132க்குப் போய்ப் பாருங்கள். 600 பேரளவு உட்காரும் மண்டபம். அதில் பாதிப் பேர் மருத்துவத்துக்கு வந்தவர்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அங்கிருந்து மலைச்சரிவில் ஏறினால் உருளையாக நிற்கும் மக்கின்டையர் கட்டடம். மருத்துவபீடத்தின் கூரைக்குக் கீழேயே இவர்களுக்கும் விரிவுரைகள் நடக்கும். கைக்கெட்டும் தூரம், ஆனால் இடம் கிடைத்தால்தான் உண்டு.

என்னைக் கேட்டால், இந்த நெரிசலில் சேர்வதற்கு முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மருத்துவம் கடைசிவரை கிடைக்காவிட்டாலும் இந்தப் பட்டத்தோடு வாழ உனக்குச் சம்மதமா? சம்மதம் என்று சொல்லும் பாடத்தில்தான் புள்ளியும் வரும். நாலுக்கு 3.8, 3.9 என்று மூன்று ஆண்டும் வைத்திருப்பது பிடிக்காத பாடத்தில் நடக்கிற காரியம் அல்ல. பிரெஞ்சுப் பீடங்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை பல்கலைக்கழகப் புள்ளியையும் ஆர் ஸ்கோர் போலவே கூடப் படிப்பவர்களோடு ஒப்பிட்டு எடைபோடுகின்றன. ஆகவே எந்தத் துறை, யாரோடு படிக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. இயன்மருத்துவம், தாதியியல் என்று கையில் தொழிலும் தரும் பட்டத்தை எடுத்து அங்கிருந்து விண்ணப்பிப்பவர்களும் உண்டு. எங்கள் வீடுகளில் 'தாதி' என்றவுடன் முகம் சுருங்கும். பிள்ளை அந்தப் படிப்பில் நோயாளியைத் தொட்டுப் பார்த்திருக்கும் என்பது யாருக்கும் தோன்றாது.

புள்ளி வாசல் வரைக்கும் என்றேன். வாசலுக்கு அப்பால் நிற்பது நேர்முகத் தேர்வு, அதுவும் ஊரில் கண்ட மாதிரி அல்ல. ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவான முறை இது. வரிசையாகப் பல அறைகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு சூழ்நிலை எழுதி ஒட்டியிருக்கும். இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு உள்ளே போக வேண்டும், சில நிமிடங்களில் மணி அடிக்கும், அடுத்த கதவு. பரவலாகத் தெரிந்த பழைய மாதிரிக் கேள்வி ஒன்று: உங்களோடு வேலை செய்யும் பெண்ணும் நீங்களும் அலுவல் விடயமாக விமானத்தில் போக வேண்டும். அவரை ஏற்றிப்போக வந்திருக்கிறீர்கள். அவருக்கு விமானம் என்றால் இப்போது பயம். உள்ளே ஒரு நடிகை அந்தப் பெண்ணாக உட்கார்ந்திருப்பார். எங்கள் பிள்ளைகள் பலர் இந்த அறைக்குள் நுழைந்த முதல் நிமிடமே விபத்துப் புள்ளிவிவரம் சொல்லிப் பயத்தைத் தீர்த்துவைக்கப் பார்ப்பார்கள். சரியான விடை தெரிந்தால் உடனே கை உயர்த்திப் பழகியவர்கள். அங்கே எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை சும்மா இருக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இதற்கும் இப்போது ரியூசன் வந்துவிட்டது. அங்கே போய் மனப்பாடம் செய்த இரக்கத்தை ஒப்பிக்கிறவர்கள் சீக்கிரமே பிடிபட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

நேர்முகம் என்றால் பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வரும்: ஆளைப் பார்த்து, பேரைப் பார்த்துத் தட்டிவிடுவார்களோ? இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு மருத்துவத்துக்கு 250 புள்ளி, சிங்கள மொழி மூலம் எழுதியவருக்கு 229 என்று பார்த்துவிட்டு வந்த தலைமுறை. சந்தேகம் வராமல் இருக்குமா? இந்த நகரத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் மக்கில் மருத்துவத்தில் யூத மாணவருக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தது. பெண்களை 1918 வரை மருத்துவத்தில் சேர்க்கவே இல்லை. இதய நோய் ஆய்வில் பிற்காலத்தில் உலகப் பெயர் பெற்ற மோட் அபட், மக்கிலில் கலைப் பட்டம் எடுத்தும் மருத்துவத்துக்கு பிஷப்ஸ் கல்லூரிக்குப் போக நேர்ந்தது. 1934 ஜூனில் நோத்ரடாம் மருத்துவமனையில் சாமுவேல் ராபினோவிச் என்ற யூதர் பயிற்சி மருத்துவராக நியமிக்கப்பட்டபோது மற்றப் பயிற்சி மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தவர் அவர். சில நாட்களில் அவரே விலகிக்கொண்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் திறந்த யூதப் பொது மருத்துவமனை கோட்-டே-நேஜில் இருக்கிறது. அந்த வட்டாரத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவசரம் என்றால் ஓடும் இடம்.

ஒருவர் கையில் தீர்ப்பைக் கொடுக்காமல் பல அறைகளில் பல பேரைக் கொண்டு தனித்தனியாகப் புள்ளி போடவைப்பதற்கு இந்த மாதிரிப் பாகுபாட்டைக் குறைப்பதும் ஒரு காரணம். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறைக்குள் புது ஆளாகப் போகலாம். பழைய நேர்முகத்தை விட இது நேர்மையானது என்றுதான் சொல்வேன்.

அந்த அறைகளுக்கு எங்கள் பிள்ளைகள் என்ன கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். விண்ணப்பத்தில் பியானோ தரம், பரதநாட்டிய அரங்கேற்றம், மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளிய தொண்டு எல்லாம் இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வைத்தியர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொன்னது இருக்காது. வைத்தியர் சொன்னதில் எதை அம்மம்மாவிடம் உடனே சொல்வது, எதை அம்மா வந்த பிறகு சொல்வது என்று அந்த வயதில் தனியாக முடிவெடுத்தது இருக்காது. அப்பாவின் டெபானர் கடையில் இரவு பதினொரு மணிவரை காசாளராக நின்று, குடித்துவிட்டு வந்தவரோடு சண்டை வராமல் பேசி அனுப்பியதும் இருக்காது. "அதெல்லாம் வீட்டு வேலை, அதை எப்பிடி எழுதுறது?" என்று அந்த உடற்றொழிலியல் மாணவியும் கேட்டார். அந்த அறைகளில் சோதிக்கப்படுவது அதுதான். வேறு யாராவது அதற்காகக் காசு கட்டிப் பயிற்சி எடுத்திருப்பார்கள்.

மொழியும் அப்படித்தான். 1977இன் 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போக நேர்ந்ததைப் பல பெற்றோர் தண்டனையாக நினைத்தார்கள். இன்று அந்தப் பிள்ளை மக்கிலோடு மொன்றியல், லவால், ஷெர்ப்ரூக் என்று நாலு பீடங்களின் கதவையும் தட்டலாம். கியூபெக்கில் தொழில் செய்யத் தேவையான பிரெஞ்சுத் தகுதியும் உயர்நிலைப் பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தை மட்டும் நம்பி வந்தவர் அதற்குத் தனியாகப் பாடுபட வேண்டும்.

ரொறன்ரோ மச்சாள்மார் கதைக்கும்போது 'எம்-கெட்' என்ற மருத்துவ நுழைவுத் தேர்வைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். நாலு பிரிவு, 230 கேள்வி, இடைவேளைகளோடு ஏழரை மணித்தியாலம், 472இலிருந்து 528 வரை புள்ளி. கனேடியப் பட்டத்தோடு மக்கிலுக்கு வருபவருக்கு இது கட்டாயமில்லை. பிரெஞ்சுப் பீடங்களும் கேட்பதில்லை. ஒன்டாரியோவுக்கும் விண்ணப்பிக்க நினைத்தால் பெரும்பாலும் எழுதத்தான் வேண்டும், ஒட்டாவா போன்ற சில பீடங்களுக்கு மட்டும் வேண்டாம். ஆனால் மாகாணப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்பது எங்கும் உள்ளது. 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 95 வீத இடம் தன் மாகாணத்தவருக்கே என்று ஒன்டாரியோ 2024இல் அறிவித்தது. கட்டணமும் அங்கே ஆண்டுக்கு 20,000 டொலருக்கு மேல். கியூபெக் வாசிக்கு அதில் ஒரு சிறு பங்குதான்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "மொன்றியலில் பிரீ-மெட் படித்தால் அப்படியே மருத்துவம்" என்று எந்த முகவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவருக்கு மருத்துவத்தில் இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்று நாலு ஆண்டு விஞ்ஞானப் பட்டத்துக்கே ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டொலர் போய்விடும்.

கரீபியன் தீவுகளுக்கோ அயர்லாந்துக்கோ பிள்ளையை அனுப்ப வீட்டை ஈடுவைக்கும் பெற்றோர் இங்கும் இருக்கிறார்கள். படித்து முடிப்பதோடு சிக்கல் தீர்ந்துவிடாது. திரும்பி வந்து சிறப்புப் பயிற்சிக்கு இடம் தேடும்போதுதான், கனடாவில் படித்தவர்களுக்கு வேறு வரிசை, வெளியே படித்தவர்களுக்கு அதைவிட மிகக் குறுகிய வரிசை என்று தெரியவரும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அப்படிப் போய்த் திரும்பி வந்து இடம் கிடைத்த ஒருவரிடமும் கிடைக்காத ஒருவரிடமும் பேசிவிட வேண்டும். கிடைக்காதவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருப்பார்.